ஓரத்து ஊதா

ஊரில் எந்தத் தோட்டத்துக்கும் வராத சீக்கு ஹேமாவதியின் தோட்டத்துக்கு மட்டும் வந்தது. வந்ததும் கொடியில் வரவில்லை, போட்டோவில் வந்தது.

ஐப்பசி மழை மூச்சு வாங்க நின்றிருந்த ஒரு காலைப்பொழுது. ராத்திரி பெய்த தண்ணீர் பந்தல் கம்பிகளில் சொட்டுச் சொட்டாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்கால்கள் நனைந்து கறுத்திருந்தன. கை நீட்டினால் தொடுகிற உயரத்தில் பன்னீர் திராட்சைக் குலைகள், உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிக்கொண்டு, வெட்டுக்குத் தயாராகக் கனத்துக் கிடந்தன. இன்னும் நாலைந்து நாள் வானம் பொறுத்தால் போதும். அடைத்துப் பெய்தால் பழம் தண்ணீர் குடித்து வெடித்துவிடும். வெடித்த பழத்துக்கு ஈதான் யாவாரி.

ஹேமாவதி கொடிக்குக் கீழே குனிந்து நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கோட்டயத்துத் தங்கச்சன்.

"மோளே ஹேமே, போட்டோ எல்லாம் கண்டு. குலை நல்லதாணு. ஆனா இலையோட ஓரமெல்லாம் ஊதாவா இருக்கே, அது என்ன அசுகம்?"

"ஊதாவா? எங்க தோட்டத்து எலையிலயா சேட்டா?"

"நீ அனுப்புன போட்டோவுலதான். பெருசாக்கிப் பாரு. பேனா வெச்சு வரைஞ்ச மாதிரி ஓரத்துல ஒரு கோடு. அசுகம் வந்த தோட்டத்துப் பழம் எனக்கு வேண்டாம் மோளே. கிறிஸ்மஸ் வைனுக்குப் போற பழம். ஒரு குலை கெட்டா பரணி, அதான் வைன் ஜாடி, முழுக்கக் கெடும்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை சேட்டா. நான் பாத்துச் சொல்லுறேன்."

"பாத்துச் சொல்லு. லாரிக்காரன் சனிக்கிழமைக்குக் கேக்குறான். நான் இன்னும் சரின்னு சொல்லலை."

ஹேமாவதி போனை வைத்தாள். பழம் போவது ஒரு பக்கம். இந்த வெட்டு போனால் கூடவே அவளுடைய பேச்சும் போகும்.

விஷயம் இதுதான். இத்தனை வருசமாக அந்தத் தோட்டத்தை வெட்டுக்கு வெட்டு சின்னமனூர் யாவாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தார். வருவார், பந்தலுக்குள் ரெண்டு எட்டு வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், அவரே ஒரு விலை சொல்வார். ஹேமாவதியின் மாமியார் கஸ்தூரியம்மாள் சரி என்பார். புருசன் போன பிறகு தோட்டத்தையும் மகன் விஜய்பாண்டியையும் ஒற்றை ஆளாக நிமிர்த்திக் காட்டியவர் அவர். ஊரே அவர் பேச்சுக்குக் கட்டுப்படும். ஆனாலும் யாவாரியிடம் மட்டும் வாய் செத்துப்போகும். மழைக்காலத்தில் கையில் பழத்தை வைத்துக்கொண்டு யாரோடு சண்டை போடுவது?

இந்த வருசம் ஹேமாவதிதான் மறித்தாள். கிறிஸ்மஸுக்கு வீட்டுக்கு வீடு வைன் போடுகிற கோட்டயம் பக்கத்துக்கு நேராக விற்கலாம் என்று ஆள் பிடித்தாள். பிடித்த ஆளான தங்கச்சன் காலை ஒடித்துக்கொண்டு மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். தோட்டம் பார்க்க வர முடியாது, போட்டோ அனுப்பு என்றார். அதுவும் போன் போட்டோ வேண்டாமாம். போனில் எடுத்தால் காய்கூடப் பழமாகத் தெரிகிறதாம், போன வருசம் ஒருத்தன் அப்படி அனுப்பி அவர் தலையில் மிளகாய் அரைத்துவிட்டானாம். நல்ல கேமராவில் எடுத்து, பெரிசாக்கிப் பார்க்கிற மாதிரி அனுப்பணும் என்றார். ஹேமாவதி தேனிக்குப் போய், கூடப் படித்த ஜெபராணியின் கேமராக் கடையில் ஒரு பழைய கேமராவையும், இருப்பதிலேயே மலிவான ஒரு லென்ஸையும் வாங்கி வந்தாள்.

அன்றைக்குக் கஸ்தூரியம்மாள் ஒரு வார்த்தை சொன்னார்.

"சரித்தா. இந்த ஒரு வெட்டு உன் இஷ்டம். நல்லா வந்தா அடுத்த வெட்டும் நீதான் பேசுற. கெட்டா, தோட்டத்துப் பேச்சுக்கே நீ வரக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம் அத்தே."

சொன்ன வார்த்தை இப்போது கழுத்துக்கு வந்து நின்றது.

கஸ்தூரியம்மாளிடம் மறைக்கவில்லை. மறைத்தாலும் மறையாது. அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தார். மோட்டார் ரூம் பக்கத்து வரிசைகளில் ஒவ்வொரு இலையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரம்பைத் தடவினார். ஒரு இலையைக் கிள்ளி மோந்துகூடப் பார்த்தார்.

"எங்கத்தா ஊதா? பச்சப்பசேல்னு கெடக்கு."

"அதான் அத்தே எனக்கும் புரியலை. போட்டோவுல மட்டும்தான் இருக்கு."

கேமராவின் பின்னால் இருந்த சின்னத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். உண்மைதான். வெள்ளை வெளேரென்ற மழைக்கால வானத்துக்கு எதிரே நின்ற ஒவ்வொரு இலைக்கும் ஓரத்தில் ஊதாவாக ஒரு கோடு ஓடியது. கஸ்தூரியம்மாள் திரையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இந்தப் பொட்டிக்குக் கண்ணு கெட்டுப்போச்சு" என்றார். சொல்லிவிட்டு, களை எடுக்க வரவேண்டிய பெண்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்கப் போய்விட்டார். அந்த நேரத்தில் அது வெறும் எரிச்சலில் சொன்ன சொல்லாகத்தான் ஹேமாவதிக்குப் பட்டது.

மத்தியானம் சோறும் கருவாட்டுக் குழம்புமாகச் சாப்பிட உட்கார்ந்தபோது விஜய்பாண்டி கம்பத்திலிருந்து வந்து இறங்கினான். பைக்கின் பின்சீட்டில் ஒரு மூட்டை. போட்டோவை அவன் போனுக்கும் அனுப்பியிருந்தாள் ஹேமாவதி. அவன் அதை உரக்கடையில் காட்டியிருக்கிறான்.

"பொட்டாஷ் கொறைவாம். ஓரம் ஊதாவாப் போனா பொட்டாஷ்தானாம். கடைக்காரரு போட்டோவப் பாத்த ஒடனேயே சொல்லிட்டாக. சாயங்காலம் தண்ணியில கலந்து விட்டுரணும்."

"எலையப் பாத்தாகளா?"

"போட்டோவப் பாத்தாக."

"ஏங்க, வெட்டப்போற கொடிக்கு இப்பப் போயி ஒரம் வெப்பாகளா? எலையில ஒண்ணுமே இல்லை. அத்தையும் பாத்துட்டாக."

"பெறகு போட்டோவுல எப்படி வரும்? கேமரா பொய் சொல்லுமா? நெசத்த அப்படியே காட்டும்னு நீதான சொல்லி வாங்குன?"

கேமரா பொய் சொல்லாது என்று சொல்லித்தான் ஹேமாவதி அதை வாங்கினாள். கஸ்தூரியம்மாள் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மொதல்ல தின்னுங்க. கருவாடு ஆறுனா நாறும்" என்றார்.

விஜய்பாண்டி மூட்டையைப் பிரிக்கத் தோட்டத்துக்குக் கிளம்பியபோது ஹேமாவதியும் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள். அவளுக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது. பந்தலுக்குள் போகாமல் வரப்பில் நின்று, வானத்தைப் பார்த்து மின்சாரக் கம்பியை எடுத்தாள். கல்லுக்கால் உச்சியை எடுத்தாள். பக்கத்து நெல் வயலில் ஒற்றைக் காலில் நின்ற கொக்கைக்கூட எடுத்தாள். திரையில் பெரிதாக்கியதும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"இங்கன வாங்க. வெரசா வாங்க."

"என்னா?"

"கரண்டுக் கம்பிக்குப் பொட்டாஷ் கொறைவா இருக்கு பாருங்க."

விஜய்பாண்டி குனிந்து பார்த்தான். கறுப்புக் கம்பியின் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் லேசான பச்சை. அடுத்த படத்தில் கல்லுக்காலுக்கும் அப்படியே. கொக்கின் முதுகில் ஊதாக் கரை போட்ட வேட்டி மாதிரி ஒரு கோடு.

"கல்லுக்காலுக்கு எம்புட்டு வெப்பீக? கொக்குக்குத் தண்ணியில கலந்து குடுப்பீகளா, இல்லை எரையில வெச்சா?"

அவன் மூட்டையின் வாயைத் திரும்பக் கட்டினான். "கொக்குக்கிட்ட நீயே கேட்டுக்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். உரம் மோட்டார் ரூமுக்குள் போய்ப் பத்திரமாக உட்கார்ந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, கம்பத்தில் மாறி, தேனிக்குப் போனாள். கடை திறந்த கையோடு ஜெபராணி படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தாள். கடை அவள் அப்பா இம்மானுவேல் வைத்தது, இப்போது இவள்தான் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவிர எல்லா நாளும் கல்யாணப் படங்களோடு மல்லுக்கட்டு.

"அடியே, உன் கொடிக்கு ஒண்ணும் இல்லை. நான் வித்த லென்ஸுக்குத்தான் சீக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காதடி. என் பொழப்பே அதுலதான் தொங்குது. ஏன் இப்படி வருது?"

"மலிவுக் கண்ணாடிடி. வெளிச்சத்துல எல்லாக் கலரும் சேந்துதான வருது? நல்ல லென்ஸு, கலர்க எல்லாத்தையும் ஒரே எடத்துல எறக்கி விடும். இது ஓட்ட டவுன் பஸ்ஸு மாதிரி. பச்சைய ஸ்டாப்புல எறக்கிட்டு, ஊதாவ நாலு அடி தள்ளி எறக்கும். தள்ளி எறங்குன ஊதாதான் கோடாத் தெரியுது. அதுவும் பின்னாடி பளீர்னு வானம் இருந்துச்சுன்னா சொல்லவே வேண்டாம். சர்ச்சுல ஜன்னலுக்கு முன்னாடி பொண்ண நிறுத்தி எடுப்பாக பாரு, வெள்ளைச் சேலை ஓரமெல்லாம் இதே கூத்துதான்."

"அப்ப நீ என்ன செய்வ?"

"ஊதாவ எடுத்துருவேன். இந்தா பாரு, ஒரே இழுப்பு."

மவுஸை நகர்த்தினாள். இலையோரத்துக் கோடெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி மறைந்தது. ஹேமாவதிக்கு உயிர் வந்தது. எல்லாப் படத்தையும் அப்படியே இழுத்துச் சரி செய்து, அங்கிருந்தே தங்கச்சனுக்கு அனுப்பினார்கள். ஜெபராணி வாங்கிக் கொடுத்த டீயும் போண்டாவும் அன்றைக்கு ருசித்தன.

பஸ் உத்தமபாளையம் தாண்டும்போது தங்கச்சன் குரல் பதிந்து அனுப்பியிருந்தார். காதில் வைத்துக் கேட்டாள்.

"மோளே, இலை இப்போ நல்லா உண்டு. ஆனா பழம் எல்லாம் எந்தா சாம்பல் கலரு? இது பழுத்ததா, காயா? நேத்திக்குக் கறுப்பு, இன்னைக்குச் சாம்பல். எனக்கு ஒண்ணும் மனசிலாகலை."

படத்தைத் திறந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேனியில் இருவரும் இலை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், குலையைப் பார்க்கவில்லை. ஊதாவை எடு என்று சொன்னதும் கம்ப்யூட்டர் ஊதாவை எடுத்துவிட்டது. ஓரத்து ஊதா வேறு, பழத்து ஊதா வேறு என்று அதற்கு யார் சொல்வது? நாலு மாதம் வெயிலும் தண்ணியும் குடித்து ஏறிய நிறத்தை ஒரே இழுப்பில் உருவிவிட்டு, குலைகளைச் சாம்பல் உருண்டைகளாகத் தொங்கவிட்டிருந்தது.

ஜெபராணிக்குப் போன் போட்டாள்.

"ஐயோ ஆண்டவரே! இதுநாள் வரைக்கும் நான் வெள்ளைச் சேலையத்தானடி சரி பண்ணிருக்கேன். ஊதாப் பொருள இழுத்ததே இல்லை. திரும்ப வா, பழத்த விட்டுட்டு ஓரத்த மட்டும் எடுத்துத் தாரேன்."

"வேண்டாம் ஜெபா. ஒரே போட்டோவ மூணு விதமா மாத்தி அனுப்புனா எந்த யாவாரி நம்புவான்? இனி கம்ப்யூட்டர் பக்கமே போகலை. எடுக்குறதையே ஒழுங்கா எடுக்கணும்."

சொல்லிவிட்டாளே ஒழிய எப்படி என்று தெரியவில்லை. ஆனால் அழுகை வரவில்லை என்பதை அவளே கவனித்தாள். பயத்தை விட அந்த ஊதாக்கோட்டின் மேல் வந்த கோபம் பெரிசாக இருந்தது. மிச்ச வழி முழுக்கக் கேமராத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பம் நெருங்கும்போது ஒன்று பிடிபட்டது. படத்தின் இடது ஓரத்தில் இருந்த இலைக்கு ஊதா இடது பக்கம் இருந்தது. வலது ஓரத்து இலைக்கு வலது பக்கம். நடுவில் இருந்த இலைக்குக் கோடே இல்லை என்று சொல்லலாம். எல்லாப் படத்திலும் இதே கதை. ஊதா எப்போதும் நடுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்து நின்றது.

வீட்டுக்கு வந்தால், வாசலில் சின்னமனூர் யாவாரி நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். உரக்கடையில் காட்டிய போட்டோ அவர் காது வரைக்கும் போயிருக்கிறது.

"போட்டோவுல சீக்குன்னு கேள்விப்பட்டேன். பாவம், கெடந்து அலையுதுக. சரி, பழகுன வீடு. நானே எடுத்துக்கிறேன். ஆனா சீக்குக் கொடின்னு பேர் வந்துருச்சு, பழைய விலை இனிப் பேச முடியாது" என்றார்.

"சீக்கு கொடியில இல்லை. லென்ஸுல" என்றாள் ஹேமாவதி.

"அது எப்படித்தா நம்புறது?"

"படத்துல இடது பக்கம் இருக்குற எலைக்கு இடது ஓரத்துல ஊதா. வலது பக்கம் இருந்தா வலது ஓரத்துல. நடுவுல இருந்தா இல்லவே இல்லை. நான் எங்கன நின்னு எடுக்கிறேன்னு கொடிக்கு வர்ற சீக்குக்கு எப்படிங்க தெரியும்?"

யாவாரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். கஸ்தூரியம்மாள் வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வாங்க" என்று யாவாரியிடம் சொன்னார் கஸ்தூரியம்மாள். "அதுவரைக்கும் இவ கணக்கு. அதுக்கப்பறம் உங்க கணக்கு."

அவர் போன பிறகு மருமகளிடம் திரும்பினார். "கேட்டுக்கிட்டயா? மானத்தையும் பாத்துக்க, குமுளிப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது."

மறுநாள் விடிந்ததும் ஹேமாவதி தோட்டத்துக்குள் போனாள். இந்த முறை முதல் தப்பு எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திராட்சைக்காரர்கள் எல்லாருமே குலையைக் கீழே நின்று அண்ணாந்துதான் பார்ப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற முறை அது. அவளும் அப்படியே அண்ணாந்து எடுத்தாள், குலைக்குப் பின்னால் வானம் முழுக்க வந்து நின்றது. மலிவு லென்ஸுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

"அத்தே, உங்க பாசிப்பச்சைச் சேலை ஒண்ணு வேணும்."

"எதுக்கு?"

"வானத்த மறைக்க."

கஸ்தூரியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெட்டுக்கு ஆள் கூட்டி வருகிற கருத்தம்மாள் நாள் கேட்க வந்திருந்தாள். அவளும் இன்னொரு பெண்ணும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக் குலைக்குப் பின்னால் விரித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏத்தா, குலைக்குச் சீமந்தமா?" என்றாள் கருத்தம்மாள்.

"ஆமா மதினி. நல்லாப் பிடிங்க, காத்துல ஆடுது."

ஹேமாவதி அண்ணாந்து எடுக்கவில்லை. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி, குலைக்கு நேராக நின்றாள். குலையைப் படத்துக்கு நடுவில் வைத்தாள். ஓரத்தில் என்ன வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. கேமராவின் கண்ணைப் பாதிக்கு மேல் சுருக்கினாள். அகலத் திறந்தால் ஊதா பொங்குகிறது, சுருக்கினால் அடங்குகிறது என்று பொழுது விடிந்ததிலிருந்து பத்துப் படம் எடுத்துப் பார்த்துக் கண்டிருந்தாள். கண்ணைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும், கை நடுங்கினால் படம் கலங்கும். அதனால் கேமராவைக் கல்லுக்காலோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, காற்று நிற்கும் வரை மூச்சை அடக்கிக் காத்திருந்து அமுக்கினாள்.

திரையில் பெரிதாக்கினாள். பழத்தின் மேல் மாவு தெரிந்தது. மாவுக்கு அடியில் கறுப்பும் ஊதாவும் கலந்த நிறம் அப்படியே இருந்தது. இலை ஓரம் பச்சையாக முடிந்தது, அதற்கப்புறம் கோடு கிடையாது.

"வந்துருச்சு! அத்தே, இங்கன வந்து பாருங்க!"

கஸ்தூரியம்மாள் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆமா. இதுதான் நம்ம பழம்" என்றார்.

அப்புறம் வேலை மளமளவென்று நகர்ந்தது. வரிசை வரிசையாகச் சேலையை விரித்துக்கொண்டு போனார்கள். விஜய்பாண்டி பெட்டியைத் தூக்கித் தூக்கிப் போட்டான். ஓடை ஓரத்துக் கடைசி வரிசைக்கு வந்தபோது உச்சிக்கு வெயில் வந்திருந்தது. அங்கே எடுத்த ஒரு படத்தின் ஓரத்தில், ஒரு இலையில் எண்ணெய் தெறித்த மாதிரி மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது.

"அதுவும் லென்ஸுதான். ஓரத்துல கெடக்கு பாரு" என்றான் விஜய்பாண்டி. ரெண்டு நாளில் அவனும் பெரிய நிபுணனாகிவிட்டான்.

ஹேமாவதி பெட்டியை நகர்த்திப் போட்டு ஏறினாள். அதே இலையைப் படத்துக்கு நடுவில் கொண்டுவந்து எடுத்தாள். லென்ஸ் செய்த கோளாறு என்றால் நடுவில் அடங்க வேண்டும். மஞ்சள் அடங்கவில்லை, இலையோடு சேர்ந்து நடுவுக்கு வந்தது. கேமராவை இறக்கிவிட்டு இலையைக் கையால் பிடித்து அடிப்பக்கம் தடவினாள். உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாக விரலில் ஒட்டியது.

செவட்டை. மழைக்காலத்தில் ஒரு இலையில் வந்தால் ஒரு வாரத்தில் தோட்டத்தையே தின்னும் நோய்.

கருத்தம்மாள் சேலையைத் தாழ்த்தினாள்.

"எங்கன எல்லாம் இருக்கு?" என்று கேட்டார் கஸ்தூரியம்மாள். எல்லாருமாகத் தேடினார்கள். ஓடை ஈரம் படுகிற அந்த ஒரு வரிசையில் அங்கங்கே பத்துப் பதினைந்து இலை. மற்ற வரிசைகள் சுத்தம். கஸ்தூரியம்மாள் முந்தாநாள் மோட்டார் ரூம் பக்கத்தோடு பார்வையை முடித்துக்கொண்டவர். அது அவருக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"எலையக் கிள்ளிப் போட்டுருவோம். குலையில ஒண்ணும் இல்லையே. அவருக்கு என்ன தெரியப் போகுது, கட்டில்ல கெடக்காரு" என்றான் விஜய்பாண்டி.

"கட்டில்ல கெடக்காகல்ல, அதான்" என்றாள் ஹேமாவதி. "அவுக வந்து பாக்க முடியாது. நம்ம கண்ணத்தான் நம்பிக் கெடக்காக. இல்லாத சீக்க இல்லைன்னு ரெண்டு நாளாச் சண்ட போட்டேன். இருக்குற சீக்கையும் இல்லைன்னா, அந்தச் சண்டையும் பொய்யாப் போயிரும்."

"வேண்டாம்னுட்டாகன்னா? சாயங்காலம் யாவாரி வந்து நிப்பாரு."

"நிக்கட்டும்."

அடுத்த வெட்டிலிருந்து பேச்சில்லாமல் போவாள், அது தெரிந்துதான் சொன்னாள். மாமியாரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. செவட்டை இலையின் படத்தையும் நல்ல குலைகளின் படங்களையும் சேர்த்து அனுப்பினாள். குரலும் பதிந்தாள்.

"சேட்டா, முன்னாடி அனுப்புன ஊதா லென்ஸோட கோளாறு. சாம்பலு நாங்க கம்ப்யூட்டர்ல செஞ்ச கோளாறு. இது ரெண்டும் இல்லாம இன்னைக்கு எடுத்தது. மஞ்சளா ஒரு எலை இருக்கும் பாருங்க. அது நெசமாவே செவட்டை. கடைசி வரிசையில மட்டும் இருக்கு. அந்த வரிசைப் பழத்த உங்களுக்குத் தர மாட்டோம். மத்தது சுத்தமா இருக்கு. பாத்துச் சொல்லுங்க."

போனை இடுப்பில் செருகிவிட்டுத் திரும்பினால், கஸ்தூரியம்மாள் ஓடை ஓர வரிசையில் குனிந்து செவட்டை இலைகளைக் கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். "நின்னுக்கிட்டே இருந்தா எலை தானா விழுமா? வாத்தா" என்றார். ஹேமாவதி போய்ப் பக்கத்தில் குனிந்தாள்.

சாக்கு பாதி நிறைந்திருந்தபோது போன் அடித்தது. அவள் எடுப்பதற்குள் கஸ்தூரியம்மாள், "சத்தமா வையி" என்றார்.

"மோளே, லாரி நாளைக்கு வெளுப்புக்கு அங்க எத்தும். வெட்டி வெச்சிரு. அந்தக் கடைசி வரிசை வேண்டாம். ஞானும் வரும்."

"நீங்க எப்படி சேட்டா, கால்ல கட்டோட?"

"லாரியில முன்னாடி உக்காந்து வரும். இத்தன தோட்டத்துலருந்து போட்டோ வந்துச்சு. எல்லாரும் நல்ல குலைய அனுப்புனாங்க. அசுகம் வந்த இலைய அனுப்புனது நீ மட்டும்தான். அந்தத் தோட்டத்த எனக்கு ஒண்ணு பாக்கணும்."

சாயங்காலம் யாவாரி வந்தபோது முற்றத்தில் மறுநாள் வெட்டுக்காகக் காலிப் பெட்டிகள் அடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. கஸ்தூரியம்மாள் அவருக்குக் காப்பி கொடுத்தார். தோட்டத்துப் பேச்சைக் கேட்டபோது, "அத ஹேமாகிட்டப் பேசுங்க. அவ கணக்கு" என்று உள்ளே போய்விட்டார். யாவாரி காப்பியை மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

பொழுது வெளுப்பதற்கு முன்னாலேயே வெட்டு ஆரம்பித்தது. காம்பைப் பிடித்துக் கத்தரிக்கணும், பழத்தில் கை படக்கூடாது, பட்டால் மாவு போய்விடும். கருத்தம்மாளின் ஆட்கள் பேச்சுச் சத்தமும் கத்தரிச் சத்தமுமாக வரிசை வரிசையாக முன்னேறினார்கள். தங்கச்சன் கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு பந்தலுக்குள் வந்து, ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டார். கண்ணை மூடினார். "கொள்ளாம்" என்றார். அதற்கு அர்த்தம் கேட்க அவசியம் இருக்கவில்லை. கடைசி வரிசைப் பழம் சுருளி அருவிக்குப் போகிற வழியில் ஜூஸ் கடை போட்டிருப்பவருக்குப் போனது. கடைசிப் பெட்டி லாரியில் ஏறியபோது குமுளிப் பக்கத்திலிருந்து முதல் சாரல் வந்து முகத்தில் அடித்தது.

"எல்லாரும் நில்லுங்க, ஒரு போட்டோ" என்றாள் ஹேமாவதி. லாரிக்கு முன்னால் எல்லாரும் கூடினார்கள். கேமராவைக் கண்ணுக்குத் தூக்கியவளைக் கஸ்தூரியம்மாள் தடுத்தார்.

"ஏலே பாண்டி, நீ எடு. அவ நிக்கட்டும்."

ஹேமாவதி கணவனிடம் கொடுத்துவிட்டு, கருத்தம்மாளுக்கு அந்தப் பக்கம் கடைசி ஆளாகப் போய் நின்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டுப் போட்டோக்களில் அவள் நிற்கிற இடம் அதுதான்.

"அங்கன ஏன்த்தா போற?" என்றார் கஸ்தூரியம்மாள். "ஓரத்துல நின்னா ஊதாவாப் போயிருவோம்னு நீதான சொன்ன? இங்கன வா. நடுவுல நில்லு."

"அப்ப நீங்க அத்தே?"

"எனக்கென்ன, நான் பாத்துக்கிறேன்."

கையைப் பிடித்து இழுத்து நடுவில் நிறுத்திவிட்டு, அவர் ஓரத்துக்குப் போய் லாரியின் கண்ணாடியில் தலையை ஒதுக்கிக்கொண்டு நின்றார். பின்னால் மழை வானம் வெள்ளையாகத் திறந்து கிடந்தது. விஜய்பாண்டி கேமராவின் கண்ணைச் சுருக்க மறந்துபோய், அப்படியே அமுக்கினான்.

படத்தில் ஹேமாவதியின் முகம் தெளிவாக விழுந்திருந்தது. ஓரத்தில் நின்ற கஸ்தூரியம்மாளின் நரைத்த தலையைச் சுற்றி ஊதாவாக ஒரு கோடு ஓடியது. அதை எப்படி எடுப்பது என்று ஹேமாவதிக்கு இப்போது நன்றாகத் தெரியும். எடுக்கவில்லை.